பில்லை நீ குடு, பேராண்டி

மூணு கால் ஸ்டாண்டு வாங்கியாச்சு. சட்டைக் காலர்ல மாட்டுற குட்டி மைக்கு வாங்கியாச்சு. வளையமா எரியுற லைட்டும் வீட்டுக்கு வந்துருச்சு. இனி நீ வாங்க வேண்டியது நாக்கு ஒண்ணுதான் பேராண்டி. அது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டை போட்டு விக்கிற சரக்கு இல்லை.

"ஊரு ஊராப் போய் ஓட்டல்ல சாப்பிட்டு, வீடியோ போட்டு, அதுலயே பொழைச்சுக்கிருவேன் தாத்தா"ன்னு நீ சொன்னதுல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உங்கப்பனுக்குத்தான் மூஞ்சி சுண்டிப்போச்சு. பாவம், அவன் வேற கணக்குப் போட்டிருந்தான். நம்ம ரெட்டியார்சத்திரத்துலயே இஸ்ரேல்காரங்க ஒத்தாசையோட காய்கறிக்குன்னு ஒரு மகத்துவ மையம் வச்சு, பசுமைக்குடிலுக்குள்ள காயை விளைய வச்சுக் காட்டுறாங்க. மகன் அங்க நாலு விஷயம் கத்துக்கிட்டு வந்து கெணத்து மேட்டுல சொட்டுநீர் போடுவான்னு நெனச்சான். நீ என்னடான்னா விளைய வைக்கிற சோலியை விட்டுட்டு, விளைஞ்சதைத் தின்னுட்டுக் கொறை சொல்ற சோலிக்குப் போறே. வெயில் இல்லை. மோட்டார் கரண்டுக்காக ராத்திரி முழிக்க வேண்டாம். பயிர் காயுமேங்கிற கவலையும் இல்லை. காஞ்சா வயிறு மட்டும்தான் காயும், அதுக்கும் ஓட்டல்காரன் இருக்கான். புத்திசாலிப் பய.

ஆனா இந்தத் தொழிலை நீதான் கண்டுபிடிச்சேன்னு மட்டும் நெனச்சுக்கிறாதே. உனக்கு முன்னாடியே இருநூறு வருசமா ஆளுக தின்னுட்டு எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க.

பாரிஸ் பட்டணத்துல கிரிமோ த லா ரேனியேர்னு ஒருத்தர். 1758-ல பொறந்தவர். அப்பன் ராசாவுக்கு வரி வசூல் பண்ற குத்தகைக்காரர், பணத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்குப் பொறவியிலேயே ரெண்டு கையும் ஊனம். பொய்க்கை செஞ்சு கையுறை மாட்டிக்கிட்டு, அதாலயே எழுதினார், அதாலயே தின்னார். 1783-ல ஒரு விருந்து வச்சார். அழைப்பை எழவு ஓலையாட்டம் அச்சடிச்சு அனுப்பினார். விருந்தாளிக உள்ள உக்காந்து திங்க, அதை வேடிக்கை பாக்குறதுக்குன்னே மேல ஒரு பக்கம் ஊர்ச்சனத்துக்கு இடமும் ஒதுக்கியிருந்தார். தான் திங்கிறதை ஊரு பாக்கணும்கிற ஆசை உன் போனோட சேர்ந்து பொறந்ததுன்னா நெனச்சே?

பெறகு பிரெஞ்சுப் புரட்சி வந்துச்சு. பிரபுக்கள்ல பல பேரு தலை போச்சு, மிச்சப் பேரு ஊரை விட்டுப் போனாங்க. அவங்க வீட்டுச் சமையக்காரங்க வேலையில்லாமத் தெருவுல நின்னு, கொஞ்சம் கொஞ்சமா ஓட்டல் தொறந்தாங்க. புதுசாக் காசு பாத்தவங்களுக்கு எங்க போய் என்ன திங்கிறதுன்னு தெரியலை. நம்ம ஆளு 1803-ல ஒரு பஞ்சாங்கம் போட்டார். நட்சத்திரம், திதி எல்லாம் இல்லை. எந்தக் கடையில எது நல்லாருக்கும்கிற பஞ்சாங்கம். 1812 வரைக்கும் வந்துச்சு. ஓட்டல் விமர்சனம்னு உலகத்துல மொதல்ல எழுதினவர்னு அவரைத்தான் சொல்றாங்க.

அவர் வழுக்கி விழுந்த இடத்தையும் கேட்டுக்கோ. வீட்டுல ஒரு நாக்குப் பஞ்சாயத்து வச்சார். கடைக்காரங்க தங்களோட சரக்கை ஓசியில அனுப்பணும், பஞ்சாயத்தார் தின்னு பாத்துச் சான்று குடுப்பாங்க, அது அச்சேறும். கோழி வந்துச்சு, பலகாரம் வந்துச்சு, குடிக்கிறதும் வந்துச்சு. யாரு பார்சல் அனுப்பினாங்களோ அவங்க கடைக்குத்தான் பேருன்னு ஊரு பேச ஆரம்பிச்சது. ஒரு கட்டத்துல எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு நாட்டுப்புறம் போயிட்டார். போறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ, தான் செத்துப்போனதாத் தானே ஓலை விட்டு, எழவுக்கு வந்தவங்களை உக்கார வச்சுச் சோறு போட்டார்னு ஒரு கதை உண்டு. எவன் நெசமான சேக்காளின்னு கண்டுபிடிக்கிறதுக்காம். உனக்கும் அது உதவும், ஃபாலோயர் எத்தனை பேரு வர்றான்னு பாக்கலாம்.

ஆக, தொழிலோட மொதல் ஆளே ஓசிப் பார்சல்ல சறுக்கினவர். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளு.

நம்ம நாட்டு ஆளைப் பத்திச் சொல்றேன். வயசுல நான் பம்பாய்க்கு ஓடிப்போனவன்னு உங்க ஆத்தா இன்னும் குத்திக் காட்டுவா. அங்க சர்ச்கேட் ஸ்டேசன் வாசல்ல சாயங்காலப் பேப்பர் வித்துத்தான் வயித்தைக் கழுவினேன். ஆபீஸ் விட்ட கூட்டம் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுற ஓட்டத்துல, சில்லறையைக் கையில திணிச்சுட்டுப் பேப்பரை உருவிக்கிட்டுப் போகும். உருவின பேப்பர்ல மொத வேலையா அவங்க தேடுற பேரு ஒண்ணு இருந்துச்சு. பிஸிபீ. நெசப் பேரு பெஹ்ராம் கான்ட்ராக்டர், பார்சிக்காரர், 1930-ல பொறந்தவர். 1966-ல ஈவினிங் நியூஸ் ஆஃப் இந்தியாவுல 'ரவுண்ட் அண்ட் அபவுட்'னு தெனசரிப் பத்தி ஆரம்பிச்சார். 1979-ல மிட்-டே வந்தப்ப அங்க போனார். 1985-ல 'ஆஃப்டர்நூன் டெஸ்பாட்ச் அண்ட் கூரியர்'னு சொந்தமாவே ஒரு பேப்பர் தொடங்கினார். அவரு பேப்பர் மாத்தினா வாங்குறவனும் கூடவே மாத்தினான். வித்த எனக்குத் தெரியாதா?

அவர் ஓட்டல் விமர்சகர்னு பலகை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவர் இல்லை. ஊர்க்கதை எழுதுறவர். பஸ்ஸு, மழை, மந்திரி, கிரிக்கெட்டு, தெருவுல தோண்டுன குழி, எல்லாத்தையும் எழுதினார். அதுக்குள்ளயே தீனியும் வந்துச்சு. 'ஈட்டிங் அவுட்'னு ஓட்டல் சாப்பாட்டுக்குத் தனியாவும் எழுதினார். ஓட்டல்ல திங்கிறதை ஒரு செய்தியா மதிச்சு இந்தியப் பேப்பர்ல விடாம எழுதின முன்னோடிகள்ல அவருக்குத் தனி எடம் உண்டு.

அவர் பத்தியில ஒரு குடும்பமே வரும். பெஞ்சாதி, டேரில், டெரிக்னு ரெண்டு பயலுக, பொல்ஷோய்னு ஒரு பாக்ஸர் நாய். நாய்க்கும் அரசியல் அபிப்பிராயம் இருக்கும். பெரிய பெரிய வார்த்தை எதையும் போட மாட்டார். என்னையாட்டம், பேப்பரைப் பாத்தே இங்கிலீசு எழுத்துக் கூட்டினவனுக்கே வெளங்குற எழுத்து. வெளங்கி முடிச்ச பெறகுதான் உள்ள ஊசி இருந்தது உறைக்கும்.

பம்பாய்ல அப்ப தெருமுனைக்குத் தெருமுனை ஈரானி ஓட்டல் இருந்துச்சு. பளிங்கு மேசை, வளைஞ்ச மர நாற்காலி, கண்ணாடி ஜாடியில பிஸ்கட்டு, வெண்ணெய் தடவின பன்னு, அதை முக்கித் திங்க டீ. 1904-ல தொறந்த கயானி, 1923-ல தொறந்த பிரிட்டானியான்னு சிலது தாக்குப்பிடிச்சு நின்னுச்சு. பலது ஒண்ணு ஒண்ணா மூடிக்கிட்டே வந்துச்சு. அந்தக் காலத்துலதான் அவர் எழுதிக்கிட்டு இருந்தார். பார்சிக்காரருக்கு ஈரானி ஓட்டல் மேல பாசம் இல்லாம இருக்குமா? நட்சத்திர ஓட்டலுக்குப் போனாலும் ஈரானி டீக்கடைக்குப் போனாலும் ஒரே நிதானத்துல எழுதினார். தின்னது அவரு, எழுத்துல தெரிஞ்சது ஊரு. உன் வீடியோவுல தெரியிறது உன் மூஞ்சி. இட்லியை விட உன் மூக்குத்தான் பெருசாத் தெரியுது, நேத்துப் பாத்தேன்.

அவர் பத்தி ஆரம்பிச்ச அதே 1966-லதான் தாதர் ஸ்டேசன் வெளிய அசோக் வைத்யாங்கிறவர் வடா பாவ் விக்க ஆரம்பிச்சார்னு சொல்லுவாங்க. ஒரே வருசத்துல அந்த ஊருக்கு ஒரு தீனியும் கெடச்சுது, தீனியை எழுத ஒரு ஆளும் கெடச்சார். நம்மாளுக சும்மா இருந்தாங்களா? மாதுங்காவுல 1940-லேயே கஃபே மெட்ராஸ், 1942-ல ராமா நாயக்கோட உடுப்பி போர்டிங். எனக்குக் காசு இருந்த அன்னைக்கு மாதுங்கா, இல்லாத அன்னைக்கு வடா பாவ். இதுவும் ஒரு வகை நட்சத்திரக் கணக்குத்தான்.

2001 ஏப்ரல் 9-ஆம் தேதி பிஸிபீ போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் எழுதினார். அவர் பெஞ்சாதி ஃபர்சானா 'அப்பர் கிரஸ்ட்'னு சாப்பாட்டுக்குன்னே ஒரு பத்திரிகை நடத்தினாங்க. அதே ஊர்ல ரஷ்மி உதய் சிங்னு ஒரு அம்மா ஓட்டல் கையேடு போட்டாங்க. அவங்க முன்னாடி வருமானவரி அதிகாரி. யோசிச்சுப் பாரு: வருமானவரிக்காரங்க எலையில உக்காந்தா எந்த மொதலாளி "ரசம் எப்படிம்மா"ன்னு கேப்பான்? நல்லவேளை, அந்த வேலையை விட்டுட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தாங்க.

இப்ப இந்தத் தொழிலுக்குச் சட்டதிட்டம் போட்ட ஆளு. இவர் கதையைத்தான் நீ எழுதி வச்சுக்கணும்.

அமெரிக்காவுல மிசிசிப்பி மாகாணம். சன்ஃபிளவர்னு ஒரு பட்டிக்காடு. 1920-ல அங்க பொறந்தவர் கிரெய்க் கிளெய்போர்ன். அப்பன் நொடிச்சுப்போக, ஆத்தாக்காரி வீட்டுல வாடகைக்கு ஆளு வச்சுச் சோறு போட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினா. நம்ம கணக்குல மெஸ்ஸு. அந்த அடுப்படியில வளந்த பய கடற்படைக்குப் போனான், போரைப் பாத்தான், பெறகு சுவிட்சர்லாந்துல லோசான் ஓட்டல் பள்ளிக்கூடத்துல போய் மொறையாப் படிச்சான். பரிமாறுறதுக்குக்கூடப் படிப்பு உண்டு பேராண்டி. நீ இன்னும் கரண்டி பிடிக்கலை.

1957-ல நியூயார்க் டைம்ஸ்ல சாப்பாட்டுப் பகுதிக்கு ஆசிரியரானார். அது வரைக்கும் அந்தப் பக்கத்தைப் பொம்பளைக பக்கம்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. அதுக்கு ஒரு ஆம்பிளை ஆசிரியரா வந்ததே அந்த ஊர்ல அதிசயம். ஓட்டலைப் பத்தி வர்றதுல முக்காவாசி விளம்பரம் குடுத்தவனுக்குப் பூச்சூட்டுற சோலி. இவர் வந்து சில வழக்கங்களை உண்டாக்கினார். பேரு சொல்லாமப் போகணும். ஒரு தடவை போயிட்டு எழுதக் கூடாது, பல தடவை போகணும். தனியாப் போகாம நாலு பேரைக் கூட்டிப் போனா நாலு தட்டை ருசி பாக்கலாம். பில்லைப் பேப்பர் ஆபீஸ் குடுக்கும். ஓட்டல்காரன் தயவு ஒரு காப்பி அளவுக்குக்கூட வேண்டாம். 1960-கள்ல நட்சத்திரம் போடுற பழக்கத்தையும் கொண்டாந்தார். இன்னைக்கு நீ போன்ல டீக்கடைக்கு மூணு நட்சத்திரம் போட்டுக் கோவத்தைக் காட்டுறியே, அதுக்கும் அவருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

இம்புட்டு நேமமான மனுசனுக்கும் ஒரு நாள் வந்துச்சு. 1975. ஒரு டிவி ஸ்டேசன் நிதி தெரட்ட ஏலம் விட்டுச்சு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி குடுத்த பரிசு: ரெண்டு பேருக்கு உலகத்துல எந்த ஓட்டல்ல வேணும்னாலும் ஒரு வேளைச் சாப்பாடு, எம்புட்டு ஆனாலும் கம்பெனி குடுக்கும். இவர் 300 டாலருக்குக் கேட்டார், இவருக்கே விழுந்துருச்சு. கூட்டாளி பியர் ஃபிரானேயைக் கூட்டிக்கிட்டுப் பாரிஸ்ல ஷே தெனிங்கிற ஓட்டலுக்குப் போனார். 31 பதார்த்தம், 9 வகைத் திராட்சை மது. பில்லு 4,000 டாலர். வந்து எழுதினார், பேப்பர்க்காரன் மொதப் பக்கத்துலயே போட்டான். அதுலயும் சிலது சுமார்தான்னு கொறை வேற.

ஊரு சும்மா விடுமா? உலகத்துல பாதிப் பேரு பட்டினி கெடக்கான், நீ ரெண்டு பேருக்கு 4,000 டாலரா திங்கிறேன்னு கடுதாசி குமிஞ்சுது. அவர் ஒரு சட்டத்தையும் மீறலை, ஒளிச்சுத் தின்னவும் இல்லை; யாரு காசுன்னு வெளிப்படையாச் சொல்லித்தான் எழுதினார். ஆனா பில்லு தன்னோடதா இல்லாதப்ப நாக்கு எம்புட்டு தூரம் நீளும்னு அன்னைக்கு உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. வேற யாரும் இல்லை, சட்டம் போட்ட ஆளோட நாக்கு. 2000 சனவரியில அவர் காலமானார். அவர் உண்டாக்கின வழக்கத்தைத்தான் பெறகு நல்ல பேப்பர்க்காரங்க பல பேரு எடுத்துக்கிட்டாங்க.

பேரு சொல்லாமப் போறதுல என்ன இருக்குன்னு கேக்குறே. அதே பேப்பர்ல ரூத் ரைக்ல்னு ஒரு அம்மா பின்னாடி வந்தாங்க. 1993-ல லெ சிர்க்குன்னு ஒரு பெரிய எடத்து ஓட்டலுக்கு டோப்பா வச்சு, வேசம் கட்டிப் போனாங்க. காத்துக் கெடக்க வச்சு, ஓரமா உக்கார வச்சு, கண்டுக்கவே இல்லை. பெறகு அடையாளம் தெரிஞ்சப்ப மொதலாளியே ஓடியாந்து, ஸ்பெயின் ராசாவே அங்கிட்டுக் காத்திருக்கார், ஆனா உங்க மேசை தயார்னு கூட்டிப் போனாராம். பழத்துல இருந்து சகலமும் பெருசாயிருச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதி, நாலு நட்சத்திரத்துல ஒண்ணைப் பிடுங்கிட்டாங்க. நீ மூணு கால் ஸ்டாண்டையும் வளைய லைட்டையும் தூக்கிக்கிட்டு உள்ள நுழையிறே. உனக்கு வர்ற பிரியாணியில நெஞ்செலும்பு நாலு இருக்கும். பின்னாடி உக்காந்திருக்கிற தோட்ட வேலைக்காரனுக்கு வர்றதுல குஸ்காவும் ஏலக்காயும்தான். உன் வீடியோவை நம்பி அவன் வரலை, சரி. நம்பி வர்றவன் வாங்குறது அவன் தட்டைத்தானே?

உன் நாக்கு நம்மூர் மாங்காப் பூட்டு மாதிரிடா. சாவி உன் இடுப்புல இருக்கிற வரைக்கும்தான் அது பூட்டு; ஓட்டல் கல்லாவுல குடுத்து வச்சுட்டா வெறும் இரும்பு.

சரி, இங்கிட்டு எப்படிச் செய்யலாம்னு சொல்றேன். லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜொனாதன் கோல்டுன்னு ஒருத்தர். செல்லோ வாசிக்கிறவர், பேப்பர் ஆபீஸ்ல பிழை திருத்துறவர். இருபது சொச்ச வயசுல பிக்கோ பொலிவார்டுங்கிற ஒரே ரோட்டுல இருக்கிற அம்புட்டு ஓட்டல்லயும் வரிசையாத் தின்னுருவோம்னு கெளம்பினார். வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்தவங்க போட்ட சின்னச் சின்னக் கடையா அந்த ரோடு பூரா. பெரிய ஓட்டலை மத்தவன் எழுதட்டும்னு அதுகளைத்தான் வாழ்நாள் பூரா எழுதினார். ஓட்டல் விமர்சனத்துக்கு மொத மொதல்ல புலிட்சர் பரிசு வாங்கினவர் அவர்தான், 2007-ல. 2018-ல போயிட்டார்.

உனக்கு பிக்கோ எதுக்கு? வாசல்லயே திண்டுக்கல்–பழனி ரோடு கெடக்கு. திண்டுக்கல் முக்குல ஆரம்பிச்சு ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி அடிவாரம் வரைக்கும் வலது கைப்பக்கம் ஒரு வருசம், எடது கைப்பக்கம் ஒரு வருசம் தின்னு. லாரிக்காரன் நிக்கிற புரோட்டாக் கடை, மார்க்கெட்டுக்குக் காய் ஏத்தி வர்றவன் விடியக்காலையில இட்லி திங்கிற கடை, பஸ் ஸ்டாண்டுப் பணியாரக்காரம்மா. ஒரே கடைக்குத் திங்கக்கிழமை மத்தியானம் போ, ஞாயித்துக்கிழமை போ, கடை எடுத்து வைக்கிற நேரத்துக்கும் போ. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு தம் ஒடைக்கிறப்ப எந்தப் பிரியாணிதான் மோசமா இருக்கும்? செவ்வாக்கிழமை மூணரை மணிக்கு அண்டாவோட அடியில இருந்து வர்றதைத் தின்னு பாத்துட்டுப் பேசு.

பாதயாத்திரைக் காலத்துல ரோட்டோரம் பந்தல் போட்டு அன்னதானம் நடக்கும். அங்க மட்டும் போனை வெளிய எடுக்காதே. சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையான்னு பெரியவங்க சொன்னது உன்னைப் பாத்துத்தான்; பொதுச் சோத்துக்கு உன் உத்தரவு எதுக்கு? வாங்கித் தின்னு, எலையை எடுத்துப் போட்டுட்டு நடையைக் கட்டு.

பிரியாணின்னதும் ஞாபகம் வருது. 1957-ல நாகசாமி நாயுடு திண்டுக்கல்ல ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் தொறந்தப்ப எந்தப் பய வந்து வீடியோ எடுத்தான்? தலையில தலப்பா கட்டியிருந்தார், சீரகசம்பா அரிசியில ஆக்கினார். சந்தைக்கு வந்தவன் தின்னான், ஊருக்குப் போய்ச் சொன்னான். பேரு வச்சதுகூட மொதலாளி இல்லை. தலப்பாக்கட்டுக்காரர் கடைன்னு சாப்பிட்டவங்க வச்ச பேரு, இன்னைக்குக் கடல் கடந்தும் பலகையில தொங்குது. வாய் வார்த்தைக்கு அம்புட்டு வலு. அந்த வலுவைத்தான் நீ இப்ப கையில எடுக்கப் போறே.

எடுக்குறப்ப வார்த்தையைக் கொஞ்சம் பாத்து எடு. "வேற லெவல்", "செம்ம", "வாயில வச்சதும் கரையுது மக்களே!" கறி எதுக்குடா கரையணும்? கரைஞ்சா அது ஐசு. ஆட்டுக்கறி பல்லுக்குக் கொஞ்சம் வேலை குடுக்கணும், எலும்பை விட்டு நோகாமப் பிரியணும், கவிச்சி இருக்கக் கூடாது. சோறு வெதை வெதையா நிக்குதா, கொழைஞ்சுதா? மசாலா தொண்டையில கமறுதா? பட்டை கிராம்பு முந்திக்கிட்டு நிக்குதா? தால்சாவுல பருப்பும் கத்திரிக்காயும் ஒண்ணுகலந்துருச்சா, இல்லை தனித்தனியா மெதக்குதா? வெங்காயத் தயிர்ல தயிர் எங்க? இதையெல்லாம் சொல்லத் தமிழ்ல வார்த்தை இல்லாமயா போச்சு? உங்க ஆத்தா ஒரு வாய் கொழம்பை நாக்குல வச்சுட்டு, "மல்லி பச்சை வாடை அடிக்குது, இன்னும் ஒரு கொதி"ம்பா. அம்புட்டுத்தான் விமர்சனம். கையைத் தூக்கி ஆட்ட மாட்டா.

தமிழ்ல ஆளு இல்லாமலும் இல்லை. மன்னார்குடிக்காரர், பத்திரிகைக்காரர் சமஸ் 'சாப்பாட்டுப் புராணம்'னு ஒரு புஸ்தகம் எழுதியிருக்கார். சின்ன ஊர்க் கடைகளைத் தேடிப் போய், அந்த ருசிக்குப் பின்னாடி இருக்கிற மனுசங்களையும் சேர்த்து எழுதின புஸ்தகம். மைக்கு வாங்குன காசுல பத்துல ஒரு பங்கு போதும், வாங்கிப் படி. படிக்கிறதுக்கு வளைய லைட்டும் உபயோகப்படும்.

இன்னொண்ணு. நீ திட்டுறதுக்கும் கணக்கு இருக்கு. பிரான்சு நாட்டுல பெர்னார் லுவாசோன்னு பேர்போன சமையக்காரர். மிஷலின் ஓட்டல் கையேட்டுக்காரங்க குடுக்கிற மூணு நட்சத்திரமும் வாங்கினவர். 2003-ல வேற ஒரு கையேட்டுக்காரங்க அவர் ஓட்டலுக்கு இருபதுக்குப் பத்தொம்பது போட்டிருந்ததைப் பதினேழாக் கொறைச்சாங்க. மூணு நட்சத்திரமும் ஆட்டம் காணப் போகுதுன்னு வேற பேச்சு. கடனும் மனவாட்டமும் ஏற்கெனவே இருந்த மனுசன், உயிரை மாய்ச்சுக்கிட்டார். அந்த வருசம் நட்சத்திரம் எதுவும் போகவே இல்லை. மார்க்குதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு மனுசன் மனசை யாரு கண்டா. ஆனா ரெண்டு அடுப்பு வச்சுக்கிட்டு விடியக்காலை மூணு மணிக்கு எந்திரிக்கிற ஒரு அக்கா மெஸ்ஸைப் பத்தி "கேவலம் மக்களே"ன்னு நீ கத்துறதுக்கு முன்னாடி, இன்னொரு தடவை போய்த் தின்னு பாரு. அன்னைக்கு மாவு புளிச்சிருக்கலாம், மகளுக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாம். ரெண்டாந்தடவையும் மோசம்னா சொல்லு. எது மோசம், ஏன் மோசம்னு சொல்லு. பெரிய ஓட்டல்னா எனக்கு அம்புட்டு எரக்கம் கெடையாது. அவங்களுக்கு வக்கீல் இருக்கான், விளம்பரக்காரன் இருக்கான். அங்க நல்லாத் தீட்டு.

பொகழ்றதுலயும் நெதானம் வேணும். உன் வீடியோவைப் பாத்துக் கோயமுத்தூர்ல இருந்து கார்ல கூட்டம் வந்து எறங்கினா, அந்த அக்கா என்ன பண்ணுவா? கூட ரெண்டு ஆளைப் போடுவா, கொழம்புல தண்ணியைக் கூட்டுவா, தெனமும் திங்கிற கொத்தனாருக்கு எடம் இருக்காது. நீ ரசிச்ச ருசியை நீயே கொன்னுட்டு வருவே. அந்த மாதிரிக் கடை ஒண்ணு ரெண்டை உனக்குன்னு வச்சுக்கோ. ஊருக்குச் சொல்லாதே, எனக்குச் சொல்லு.

காசு எப்படி வரும்னு முழிக்கிறே. வரும். "புரமோஷன் பண்ணுங்க ப்ரோ"ன்னு மொதலாளியே கூப்பிடுவான். வாங்குறதும் வாங்காததும் உன் பாடு. நான் என்ன காவலா இருக்க முடியும்? ஆனா வாங்கினா வாங்கினேன்னு சொல்லிரு. இது என் புத்தி மட்டும் இல்லை, சர்க்கார் உத்தரவு. 2022-ல நுகர்வோர் பாதுகாப்புக்கு ஒரு விதி போட்டாங்க, 2023 சனவரியில உன்னையாட்டம் வீடியோ போடுறவங்களுக்குன்னே தனியா வழிகாட்டியும் வந்துச்சு. காசு, ஓசிச் சாப்பாடு, பரிசு, எதை வாங்கியிருந்தாலும் இது விளம்பரம்னு பாக்குறவனுக்குப் புரியிற மாதிரி, வீடியோ எந்தப் பாசையோ அந்தப் பாசையிலயே சொல்லணும். ஏமாத்தினா மொதத் தடவை 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணினா 50 லட்சம் வரைக்கும். நம்ம தோட்டத்தைக் கெணத்தோட வித்தாலும் எட்டாது.

கடைசியா, பஸ் ஸ்டாண்டுகிட்ட உங்க பெரியம்மா வச்சிருக்கிற கடை. "என் கடையை மொதல்ல போடுறா"ன்னு அவ கேப்பா, போடாதே. அவ வைக்கிற மீன் கொழம்பு சுமாராத்தான் இருக்கும். நல்லாருக்குன்னு சொன்னா ஊரு சிரிக்கும், உள்ளதைச் சொன்னா உனக்குச் சோறு கெடைக்காது. போட்டே தீரணும்னா, இவங்க எனக்குப் பெரியம்மான்னு எடுத்ததுமே சொல்லிட்டு ஆரம்பி. அந்த வழிகாட்டியில சொந்தபந்தத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கான்.